ரேடியோவுக்கு ஒரு வரி

மாலை வகுப்பில் சேருவதற்கான படிவத்தில், 'பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள விரும்புவது ஏன்?' என்று ஒரு கேள்வி இருந்தது. மற்றவர்கள் லட்சியம், கனவு, சின்ன வயது ஆசை என்று ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தள்ளியிருந்தார்கள். கண்ணாடியக்கா இரண்டே சொற்கள் எழுதினாள்: 'வீட்டு உபயோகத்துக்கு.'

வாத்தியார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்புக்காக அவர் எத்தனை நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டார் என்பது வேறு கதை.

கண்ணாடியக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பார்க்கிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஒரே கடை, ஒரே இருட்டறை. வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்து மாற்றி மாற்றிப் போடுவாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. "மொதல் கண்ணாடியா, ரெண்டாவதா?" இதுதான் அவள் பேச்சு. பதிலில் சந்தேகம் வந்தால் அதே இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேட்பாள். உண்மையாகத் தெரிகிறவர் இரண்டு தடவையும் அதே லென்ஸைச் சொல்வார். ஒப்புக்குச் சொல்கிறவர் மாட்டிக்கொள்வார். "ரெண்டுமே சரியில்ல" என்று யாராவது சொன்னால் வேறு இரண்டு லென்ஸ் வரும். எழுந்து போகிற வரைக்கும் இரண்டில் ஒன்றுதான், வேறு வழி கிடையாது. பின்னால் அவள் செய்த தப்பு அந்த நாற்காலியிலிருந்துதான் வந்தது, அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். கடை என்று தனியாக இல்லை, வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுழல் நாற்காலி, எதிரே ஆள் உயரக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு பெஞ்சு. தெருவில் அவருக்குப் பேர் ரேடியோ. கத்தரி நின்றாலும் அவர் வாய் நிற்காது. யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கட்சி கவிழும், எந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவரிடம் உண்டு. கடைசியில் துணியை உதறிவிட்டு, "அதான் சங்கதி" என்று முடிப்பார். "வாயுள்ள பிள்ளை பொழைக்கும்" என்பது அவர் வேதவாக்கு. பெண்டாட்டியைப் பார்த்து, "இவ ரெண்டே ரெண்டு கேள்விய வச்சுக்கிட்டு இருபத்தெட்டு வருசமாப் பொழப்ப ஓட்டறா, கெட்டிக்காரி" என்பார். அவள் சிரித்துவிட்டுப் போவாள். வீட்டில் ஒருவர் பேசினால் போதாதா?

ஒரு மதியம், பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கையிலிருந்து கத்தரி நழுவியது. உட்கார்ந்திருந்த ஆள் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் நின்ற ரேடியோவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பாதி வெட்டிய தலையோடு அந்த மனுஷன்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று.

முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் தங்கிவிட்டது: "அதான்." பசித்தால் அதான், வலித்தால் அதான், மகளைக் கண்டால் அதான். "தலைய ஆட்டறத நம்பாதீங்க" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிவிட்டாள். "ஆமாங்கறதும் இல்லைங்கறதும் அவருக்குள்ள கலந்து கெடக்கு. அவரு என்ன நெனக்கிறார்னு அவருக்குத் தெரியும். அது வெளிய வர்ற வழிதான் அடைச்சுப் போச்சு." ஊர்க் கதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் 'அதான், அதான்' என்று திணறுவதைப் பார்க்கிற கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

முடிவெட்டுகிற நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்தாள். தலை சாய்க்க வசதி, கால் வைக்கப் பலகை, தெருவும் தெரியும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன ரேடியோ, எப்படி இருக்கீங்க?" என்பார்கள். "அதான்" என்பார். கொஞ்ச நாளில் எட்டிப் பார்ப்பது நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஓடியது. கண்ணாடியக்கா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முன்னறையில் யாரோ கூடவே பாடுகிற சத்தம் கேட்டது. யாராவது வந்திருக்கிறார்கள் என்று வந்து பார்த்தாள். யாரும் இல்லை. நாற்காலியில் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சரணம் முழுக்க, ஒரு சொல் பிசகாமல் பாடினார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

"அப்படியும் நடக்கும்" என்றாள் பேச்சுப் பயிற்சிப் பெண். "பேச்சு ஒரு பக்கம் இருக்கும், பாட்டு ஒரு பக்கம் இருக்கும். பேச்சு கெட்டுப்போனாலும் பாட்டு தப்பிச்சுக்கும். அவரோட இடது கையப் புடிச்சு, தட்டித் தட்டிப் பாடச் சொல்லுங்க."

பாடச் சொன்னாள். அவருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிலாவைப் பற்றிப் பாடித் தண்ணீர் கேட்க முடியுமா? காதல் பாட்டைப் பாடி முதுகு வலிக்கிறது என்று சொல்ல முடியுமா? அவருக்கு வேண்டிய சொற்கள் இருக்கிற பாட்டு எந்தச் சினிமாவிலும் இல்லை. அப்படியானால் யாராவது எழுதத்தான் வேண்டும். அந்த யாராவது தன்னைத் தவிர வேறு யார் என்று யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் அகப்படவில்லை. ஆழம் தெரியாமல்தான் காலை விட்டாள், ஆனால் தெரிந்திருந்தாலும் விட்டிருப்பாள்.

வகுப்பு, ஆரம்பப் பள்ளி ஒன்றின் மாடியில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை. பகலில் அவள் கடைக்குப் போகும்போது துணைக்கு இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணே அந்த நேரத்துக்கும் வந்து ரேடியோவோடு உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் ஏழு பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் தையல் வகுப்பு. தையல் இயந்திரங்கள் கடகடவென்று ஓடும்போது வாத்தியார் அதையே தாளமாக எடுத்துக்கொள்வார். நாற்பது வயது மனுஷன். பகலில் விளம்பரக் கம்பெனியில் வேலை. சோப்பு, பற்பசை, கொசுவத்தி எல்லாவற்றுக்கும் பாட்டு எழுதுகிறவர். வகுப்பில் அவருக்குச் சோப்பு வாத்தியார் என்று பேர் வைத்தது பின்பெஞ்சு லாரி அண்ணன். லாரிக்குப் பின்னால் எழுதிய வாசகங்கள் ஊரெல்லாம் பிடித்துப்போனதால் முழுப் பாட்டே எழுதிவிடலாம் என்று வந்தவர் அவர்.

முதல் நாள் வாத்தியார் ஒரு மெட்டை வாயால் முனகிக் காட்டினார். "மொதல்ல அர்த்தத்தைப் பத்திக் கவலப்படாதீங்க. தன்னனா தானான்னு சொல்லி எடத்தப் புடிச்சு வையுங்க. பஸ்ஸுல பையப் போட்டு சீட்டுப் புடிக்கிறோமில்ல, அந்த மாதிரி. அப்புறம் அந்தந்த எடத்துல சரியான வார்த்தைய உக்கார வைக்கணும்." பிறகு விரலை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு. எழுதி முடிச்ச பாட்டுல ஒரு தன்னனாகூட மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தா நீங்க வேலைய முடிக்கலன்னு அர்த்தம். நான் வாங்க மாட்டேன்."

கண்ணாடியக்கா முதலில் எழுதிக்கொண்டு போனது நிலாவையும் தென்றலையும் வைத்து. பாட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். வாத்தியார் படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வீட்டு உபயோகத்துக்குன்னு எழுதினீங்களே, வீட்டுல என்ன உபயோகம்?"

அவள் சொன்னாள். நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தையல் இயந்திரங்கள்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டன. வாத்தியார் நிலாத் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"இதத் தூக்கிப் போடுங்க. நீங்க அவருகிட்ட என்ன கேப்பீங்களோ, அத அப்படியே எழுதுங்க. பதிலையும் நீங்களே எழுதுங்க. அவ்வளவுதான் பாட்டு."

அன்று அங்கேயே ஒரு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். கேள்விக்கு: தன்னனா தானா தன்ன தானா. பதிலுக்கு: தன்னனா தானா. அவ்வளவு சின்ன மெட்டு. சோப்புக்கு எழுதுகிறவருக்குச் சின்னதாகச் செய்யத் தெரியும். கண்ணாடியக்கா பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் முதல் வரி உட்கார்ந்துவிட்டது.

*தண்ணியா பாலா என்ன வேணும்?*
*தண்ணிதான் வேணும்.*

பேச்சு குறைந்தவளுக்குப் பாட்டு எழுத வரும் என்று யார் நினைத்தது? ஒரு சொல்கூட அதிகமாக விழாமல் எழுதினாள். காலையில் கடைக்குப் போகும் முன்னும், சாயங்காலம் வந்த பிறகும், சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் இடது கையைத் தன் கையில் வைத்துத் தட்டித் தட்டிப் பாடினாள். முதல் வாரம் வெறும் தன்னனா. இரண்டாவது வாரம் சொல். அவர் வாயைக் கோணி, வியர்த்து, "அதான்" என்று வந்து முட்டி நின்றார். அவள் விடவில்லை. பதினேழாம் நாள் காலை, அவள் கேள்வியைப் பாடிவிட்டு நிறுத்தினாள்.

"தண்ணிதான் வேணும்" என்று பாடினார் ரேடியோ.

அவர் குரல்தான். கொஞ்சம் கரகரத்திருந்தது. கண்ணாடியில் அவர் தன்னையே திகைத்துப் பார்த்தார். கண்ணாடியக்கா தண்ணீர் எடுக்கப் போகாமல் முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை கொடுத்தாள். யோசித்துக் கொடுத்ததில்லை, சந்தோஷத்தில் வாயில் வந்தது.

"ஏங்க, இனிமே நீங்க எதக் கேட்டாலும் சரி. கேக்க மட்டும் செய்யுங்க. நான் செஞ்சுடறேன்."

அதற்குப் பிறகு வரிகள் மளமளவென்று வந்தன. ஜன்னலா கதவா, கையா காலா, டீயா காப்பியா. எல்லாம் அதே மெட்டு. ஒவ்வொரு செவ்வாயும் வகுப்பில் பாடிக் காட்டுவாள். லாரி அண்ணன் பெஞ்சில் தாளம் போடுவார். ஒரு தடவை டீயா காப்பியாவுக்கு ரேடியோ இரண்டையும் சேர்த்துப் பாடிவிட்டார் என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. "மனுசனுக்குப் பழைய வாய் திரும்புது" என்றார் லாரி அண்ணன். தெருவில் எட்டிப் பார்ப்பவர்கள் திரும்ப வந்தார்கள். மகள் வெளியூரிலிருந்து போன் போட்டு, "அப்பாவப் பாடச் சொல்லும்மா" என்று தினம் கேட்டாள். வாழ்க்கையில் நல்ல மூன்று மாதம் என்று எண்ணினால் கண்ணாடியக்காவுக்கு அந்த மூன்றையும் சேர்க்க வேண்டும்.

நாலாவது மாதம் அவர் கால் வீங்கியது. முகமும் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் செய்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். வாரத்துக்கு மூன்று நாள், விடிந்ததும் ஆஸ்பத்திரி வண்டி வாசலில் வந்து நிற்கும். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு வருவார். வரும்போது பிழிந்து போட்ட துணியாக இருப்பார். நடுங்குவார், வாந்தி எடுப்பார். தேறி எழுவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

வண்டியோடு வருகிற ஆள், சக்கர நாற்காலியா ஸ்ட்ரெச்சரா என்று கேட்பான். கண்ணாடியக்கா அதற்கும் வரி கட்டினாள்.

*உக்காந்தா படுத்தா எப்படிப் போக?*

சந்தம் கொஞ்சம் நொண்டியது, வேறு வழியில்லை. அவர் முதல் வாரம், "உக்காந்தே போறேன்" என்று பாடினார். இரண்டாவது வாரம், "படுத்துத்தான் போறேன்" என்றார். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவள் கேள்வியைப் பாடினாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே பாடினார்: "தன்னனா தானா."

மறந்துவிட்டார் என்று நினைத்தாள். கிடைத்த கொஞ்சமும் போகிறது. மறுபடி பாடினாள், இன்னும் மெதுவாக, கையை அழுத்தித் தட்டி. "தன்னனா தானா." மெட்டு சுத்தம், சொல் இல்லை. சாயங்காலம் தண்ணியா பாலா என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வந்தது. புதன்கிழமை வண்டி வந்ததும் மறுபடி தன்னனா. வெள்ளிக்கிழமையும் அதே. அந்த ஒரு பாட்டு மட்டும் எப்படி மறக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். போனில் பதிவு செய்து செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனாள்.

"நான் எழுதின வரிதான் சரியில்லையோ? சந்தம் நொண்டுதில்ல, அதனால அவருக்குப் புடிபடலையோ?" என்று வாத்தியாரைக் கேட்டாள்.

வாத்தியார் பதிவை இரண்டு தடவை கேட்டார். போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பெஞ்சிலிருந்து லாரி அண்ணன்தான் பேசினார். அந்த மனுஷனுக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

"அக்கா, அவருக்குப் பாட்டு மறக்கல. நீங்க ரெண்டு ரோடு காட்டறீங்க. ரெண்டுமே ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது. அவரு போக வேணாங்கறாரு."

கண்ணாடியக்கா தன் நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். நாற்பத்தோரு வரி. தண்ணியா பாலா, ஜன்னலா கதவா, உக்காந்தா படுத்தா. எல்லாமே இரண்டில் ஒன்று. வேண்டாம் என்று சொல்ல ஒரு வரிகூட அவள் எழுதியிருக்கவில்லை. நாலு மாதமாக அந்த மனுஷனை அவள் தன் கடை நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷப் பழக்கம் செய்த வேலை அது. ஆனால் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"அவரு எடத்தப் புடிச்சு வச்சிருக்காரு அக்கா" என்றார் வாத்தியார் மெதுவாக. "வார்த்தை நீங்கதான் குடுக்கணும்."

"அதக் குடுத்தா அவரு அதத்தான் சொல்லுவாரு."

"தெரியும்."

"சொன்னா நான் என்ன பண்ணுவேன்? எதக் கேட்டாலும் செய்றேன்னு சொல்லிட்டேனே."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியல அக்கா. நான் சோப்புக்குப் பாட்டு எழுதறவன்."

அடுத்த செவ்வாய் அவள் வகுப்புக்குப் போகவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். அந்த வரியை எழுதாமல் இருந்துவிட்டால் என்ன என்று யோசித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது? வண்டி வரும், போவார், வருவார், உயிரோடு இருப்பார். முன்னறை நாற்காலியில் அவர் இருக்கிற வரைக்கும் அது வீடு. அவர் போய்விட்டால் நாலு சுவரும் ஒரு கண்ணாடியும்தான். முப்பத்து மூன்று வருஷம் அவர் பேசிப் பேசி அவளுக்காகவும் சேர்த்துப் பேசிவிட்டார். இனி அவளோடு யார் பேசுவது? அவள் பயந்தாள். அவர் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தனியாகிவிடுவோம் என்று பயந்தாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அதற்கடுத்த திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவர் அதே இடத்தில் தன்னனா பாடினார். கோபமில்லை, அழுகையில்லை. வெள்ளிக்கிழமை பாடிவிட்டு, இடது கையால் அவள் கையைத் தட்டினார். அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஐந்து தட்டு. நீ எழுது, நான் காத்திருக்கிறேன் என்கிற மாதிரி.

சனிக்கிழமை கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வரியை எழுதினாள். 'வேணாம்' என்ற சொல்லை முதலில் போட்டு அடித்துவிட்டாள். வேணும் என்பதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிற சொல் அது. நாக்கு குழறுகிற மனுஷன், ஒன்று கேட்டு ஒன்றாகிவிட்டால் என்ன ஆவது? இந்த வரியில் மட்டும் சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது. கடைசியில் இப்படி வந்தது.

*போதும்மா போதும்.*

தன்னனா தானா. கச்சிதமாக உட்கார்ந்தது. எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

பத்து பதினைந்து நாள் ஆகும் என்று நினைத்தாள். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். முதல் தடவை அவர் அதைச் சொன்னது ஆஸ்பத்திரிக்கு அல்ல. திங்கட்கிழமை காலை வண்டி வருவதற்கு முன்னால் அவள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு அந்த வேலை வராது. இரண்டு இடத்தில் கீறிவிட்டாள். கண்ணாடியில் தன் முகத்துக்கு நடக்கிற அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரேடியோ, "போதும்மா போதும்" என்று பாடினார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், கோணல் வாயோடு. அரைச் சவரத்தோடு இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

அவள் சோப்பு நுரையைத் துடைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் காலையிலேயே மனசுக்குள் வரியை மாற்றி வைத்திருந்தாள்.

"போகவா போதுமா என்ன வேணும்?"

"போதும்மா போதும்."

இடம் மாற்றிக் கேட்டாள், கடையில் கேட்கிற மாதிரி. "போதுமா போகவா என்ன வேணும்?"

"போதும்மா போதும்."

மூன்றாவது தடவை கேட்கும்போது அவள் குரல் உடைந்தது. அவர் குரல் உடையவில்லை. "போதும்மா போதும்." இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் அவளுக்குப் பதில் சொன்னதில்லை.

வாசலுக்குப் போய், "இன்னிக்கு வரல" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். சாயங்காலம் டாக்டர் வந்தார். நிறுத்தினால் நாள் கணக்குத்தான் என்று ரேடியோவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, படம் காட்டிக் கேட்டார், கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டார், அவளைப் பாடச் சொல்லியும் கேட்டார். கடைசியில், "அவருக்குப் புரிஞ்சுதான் சொல்றார். அவர் முடிவு இது. வலி தெரியாமப் பாத்துக்கலாம்" என்றார்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகள் கேட்டாள்:

"நீதானே அந்த வார்த்தையச் சொல்லிக்குடுத்தே. நீ சொல்லிக்குடுக்காம இருந்திருந்தா அப்பா கேட்டிருக்க மாட்டாருல்ல?"

கண்ணாடியக்கா மறுக்கவில்லை. "ஆமா. நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றாள்.

மகள் மறுநாளே வந்து இறங்கினாள். அம்மாவோடு பேசவில்லை. நேராக நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, "அப்பா, எனக்காக ஒரு தடவை போயிட்டு வாங்கப்பா" என்றாள். ரேடியோ அவள் தலையில் கை வைத்தார். விரலால் முடியைப் பிரித்துப் பார்த்தார், நுனி வெடித்திருக்கிறதா என்று பார்க்கிற பழைய பழக்கம். அப்புறம் அந்த வரியைப் பாடினார், ரொம்ப மெதுவாக. மகள் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு அவள் ஊருக்குத் திரும்பவில்லை, கூடவே இருந்தாள். அம்மாவோடு பேச்சு மட்டும் தேவைக்குத்தான்.

பதினோரு நாள். தண்ணீர் கேட்டார், ஜன்னல் கேட்டார், ஒரு நாள் டீயும் காப்பியும் சேர்த்துக் கேட்டார். ஒன்பதாம் நாள் மதியம் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். வீட்டில் இருவர் மட்டும். அவர் மூச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. கண்ணாடியக்கா இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. நோட்டில் எழுதாத வரி. அந்தப் பழகிய மெட்டிலேயே வந்தது.

"செஞ்சது சரியா தப்பா சொல்லுங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் பார்க்காமல், தலையைத் திருப்பி நேராகவே அவளைப் பார்த்தார். இடது கை அவள் உள்ளங்கையில் தட்டியது, ஐந்து தட்டு. உதடு அசைந்தது.

"தன்னனா தானா."

அந்த இடத்துக்கு அவள் வார்த்தை கொடுத்திருக்கவில்லையே, அவர் என்ன செய்வார், பாவம். ஏதோ ஒரு பதில் அவரிடம் இருந்தது. அது மட்டும் அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்க அதற்கு மேல் நாள் இல்லை. பதினோராம் நாள் விடிகாலையில் அவர் மூச்சு நின்றது.

வகுப்பின் கடைசி நாளுக்கு அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆறரைக்கு வந்து தன் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். கதவோரம் மகள் நின்றாள். அம்மாவைத் தனியே அனுப்ப மனசில்லாமல் கூட வந்திருந்தாள். ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் முடித்த பாட்டைப் பாடினார்கள். லாரி அண்ணன் தன் லாரியைப் பற்றிப் பாடினார், நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியக்காவின் முறை வந்தபோது வாத்தியார், "வேணாம்னா விட்டுடலாம் அக்கா" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். நோட்டைத் திறக்கவில்லை. தண்ணியா பாலாவைப் பாடினாள், பதிலையும் பாடினாள். ஜன்னலா கதவா. போகவா போதுமா. அந்தப் பதிலைப் பாடும்போது மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியாக, நோட்டில் இல்லாத வரியைப் பாடினாள்.

"செஞ்சது சரியா தப்பா சொல்லுங்க?"

பதிலுக்கு என்னென்னவோ எழுதிப் பார்த்திருந்தாள். சரிதான் என்று எழுதினாள், அடித்தாள். தப்புத்தான் என்று எழுதினாள், அதையும் அடித்தாள். இரண்டுமே அவர் சொன்னதில்லை, அவளாக அவர் வாயில் வைப்பது. இனி ஒரு சொல்லும் அவர் வாயில் வைக்க மாட்டாள். இடது கையால் பெஞ்சில் ஐந்து தடவை தட்டிக்கொண்டே, அவர் பாடினதை அவர் பாடின மாதிரியே பாடினாள்.

"தன்னனா தானா."

பாடிவிட்டு உட்கார்ந்தாள். மகள் கதவோரத்திலிருந்து வந்து, அம்மாவின் பக்கத்தில் அந்தச் சின்ன பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாத்தியார் ஒவ்வொருவர் பாட்டுக்கும் கீழே சிவப்புப் பேனாவால் திருத்தம் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவள் நோட்டை வாங்கி, அந்த வரியைத் தானே கடைசிப் பக்கத்தில் எழுதினார். கேள்வியை எழுதினார், அதன் கீழே தன்னனா தானா என்று எழுதினார். பேனாவை மூடி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"முடிஞ்சிருச்சு அக்கா" என்றார்.